தெய்வானை டீச்சருக்குப் படித்துக் காட்டியவர்கள்

அந்தப் பையை மடியில வெச்சுக்குங்க. கீழ வெச்சா மண்ணாயிரும், போன மழையில இருந்தே தரையில ஓட்டை, இந்த பஸ்ஸு இப்படித்தான். செங்காட்டூருன்னு டிக்கெட் கேட்டீங்களே, அதான் திரும்பிப் பார்த்தேன், தப்பா நினைச்சுக்காதீங்க. எட்டரை வண்டியில அந்த ஊருக்குப் போறது ரேஷன் கடைக்காரர், இல்லீன்னா பள்ளிக்கூடத்துக்குப் போறவங்க. நீங்க ரேஷன் கடை மாதிரி தெரியலை.

ஓ, புது டீச்சருங்களா. முதல் போஸ்டிங்கா? ஆரணியில இருந்தா? அத்தனை தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, பாவம். இங்க வெயிலும் காத்தும்தான். பயப்படாதீங்க, நல்ல ஊரு, நல்ல சனங்க. என்னைத்தான் அவங்களுக்குப் பிடிக்காது.

என் பேரு பிரேமகுமாரி. இந்த ஒன்றியத்துல ஆசிரியர் பயிற்றுநர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி டீச்சர்களுக்குப் புது முறையைச் சொல்லிக் கொடுக்கற வேலை. அதிகாரின்னு நினைச்சுராதீங்க. நாங்க உதவிக்குத்தான். ஒவ்வொரு கூட்டத்துலயும் முதல் வார்த்தையா அதைத்தான் சொல்லுவேன், நாங்க உதவிக்குத்தான்னு. என் பொறுப்புல பதினாலு பள்ளிக்கூடம் இருக்குது, அதுல செங்காட்டூரும் ஒண்ணு.

நீங்க போயிச் சேர்ந்த ரெண்டாம் நாளே உங்க காதுல போடுவாங்க. கண்ணு தெரியாத டீச்சரைத் துரத்திவிட்டவ அந்தப் பிரேமகுமாரின்னு. எச்.எம். அங்கமுத்து சார் சொல்லமாட்டாரு, அவரு வாயே திறக்கறதில்ல. சத்துணவு அம்மா சொல்லும். அதனாலதான் நானே முந்திக்கறேன். இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது, முழுசாக் கேட்டுட்டு நான் என்ன தப்புப் பண்ணினேன்னு நீங்களே சொல்லுங்க.

துணை வாசிப்புன்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்களே? இல்லியா? சரி, அங்க நடந்த எல்லாத்துக்கும் அதுதான் காரணம், கேட்டுக்குங்க. போன ஜூன்ல வந்த திட்டம். முன்னாடியெல்லாம் டீச்சர் ஒரு வரி சொல்ல, புள்ளைங்க மொத்தமாச் சேர்ந்து ஒரு வரி கத்தும். கடைசி வரிசையில வாயை மட்டும் அசைச்சுட்டு இருக்கறது யாருக்குத் தெரியும்? இப்ப அப்படி இல்ல. நாலு நாலு பேராப் பிரிச்சு உக்கார வெச்சு, அவங்க அளவுக்கு ஏத்த சின்னப் புத்தகம் ஆளுக்கு ஒண்ணு கொடுக்கணும். டீச்சர் பக்கத்துல உக்கார்ந்து ஒவ்வொருத்தர் படிக்கறதையும் கேக்கணும். தடுக்கி நின்னா வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. பொறுத்திருந்து, யோசிக்க வெக்கணும். அதோட கேட்புத்தாள் ஒண்ணு இருக்குது. அந்தக் கதையில உள்ள ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ சின்னக் கட்டம். சரியாப் படிச்சா டிக், தப்பாப் படிச்சா கோடு. பொழுதோட அதை ஆப்ல ஏத்தணும். நல்ல திட்டம்ங்க. மனசாரச் சொல்றேன், நல்ல திட்டம்.

எல்லா டீச்சரும் முதல்ல மூஞ்சியைச் சுளிச்சாங்க. அது சகஜம். நான் ஒவ்வொரு பள்ளிக்கூடமாப் போயி, தரையில உக்கார்ந்து, பாடம் நடத்திக் காட்டி, புத்தகத்துக்கெல்லாம் நானே கலர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். ரெண்டு மாசத்துல பதிமூணு பள்ளிக்கூடம் வழிக்கு வந்துருச்சு.

செங்காட்டூர் வரலை.

அங்க ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் தெய்வானை டீச்சர். அம்பத்தேழு வயசு, ரெண்டரை வருசம் சர்வீஸ் பாக்கி. முதல் தடவை நான் போறப்போ ஒரே இரைச்சல். அவங்க பாட்டுக்குப் பாயில உக்கார்ந்திருக்காங்க, சுத்தியும் பத்தொம்பது புள்ளைங்க. நாங்க அனுப்பின புத்தகக் கட்டு கட்டின கயிறோட அப்படியே அலமாரி மேல இருக்குது. ஒரு புள்ள ஆபீஸ்ல இருந்து வந்த சுற்றறிக்கையைச் சத்தமாப் படிக்குது. இன்னொண்ணு டீச்சரோட போனை வெச்சுக்கிட்டு வாட்சப்ல வந்ததைப் படிக்குது. ரெண்டாப்புப் பையன் ஒருத்தன் மாத்திரை அட்டையில இருக்கற பேரை எழுத்துக் கூட்டி, தேதி முடிஞ்சிருச்சான்னு பாத்துச் சொல்றான். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. புள்ளைங்களைச் சொந்த வேலைக்கு வெச்சுக்கிட்ட மாதிரி இல்ல?

"டீச்சர், புது முறை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"ன்னு கேட்டேன்.

"படிக்குதுங்க மேடம். எல்லாம் படிக்குதுங்க"ன்னாங்க. என் முகத்தைப் பாக்காம, காதுக்குப் பக்கமா எங்கயோ பாத்துட்டுச் சொன்னாங்க. மரியாதை தெரியாதவங்கன்னு நினைச்சேன்.

சரி, படிக்குதான்னு பாக்கலாம்னு கட்டைப் பிரிச்சு ஒரு புத்தகத்தை எடுத்து மூணாப்புப் புள்ள ஒண்ணுகிட்டக் கொடுத்தேன். தன்ஷிகான்னு பேரு. ரெட்டைச் சடை போட்டுட்டு, ஒல்லியா, ஆனா குரலு மட்டும் மைக் செட்டு. பாத்தா உடனே தெரிஞ்சுக்குவீங்க. அது எப்படிப் படிச்சுதுங்கறீங்க? "டீச்சர், மேல இடது பக்கம் ஒரு ஆடு நிக்குது, வெள்ளை ஆடு, ஒரு காது மட்டும் கறுப்பு. பக்கத்துல ஒரு வேலி, வேலியில துணி காயுது. கீழ மூணு வரி இருக்குது, படிக்கறேன்." இப்படிச் சொல்லிட்டு அப்புறம்தான் வரியைப் படிச்சுது. தப்பே இல்ல. நிறுத்தி, மூச்சு விட்டு, ஆளுகிட்டப் பேசற மாதிரிப் படிச்சுது. அடுத்த புள்ளையும் அப்படித்தான். ஒண்ணாப்புப் புள்ளைங்க கூட எழுத்துக் கூட்டறதுக்கு முன்னாடி படத்தைச் சொல்லிருதுங்க. தேவையில்லாததைச் சேர்த்துச் சொல்கிறார்கள்னு படிவத்துல குறிச்சுக்கிட்டேன். வேற என்ன குறிக்கறது? அதுக்குன்னு அந்தப் படிவத்துல இடம் கிடையாது.

இன்னொண்ணும் கவனிச்சேன். ஒரு புள்ள ஒரு வார்த்தையில தடுக்கி நின்னுச்சு. தெய்வானை டீச்சர் எடுத்துக் கொடுக்கலை. "எனக்கு ஒண்ணும் வெளங்கலையே சாமி, அந்த ஆடு எங்க போச்சு? இன்னொருக்காப் பாரு"ன்னாங்க. அந்தப் புள்ள இன்னொருக்காப் பாத்து, தானே சரியாப் படிச்சுது. அஞ்சு நாள் பயிற்சியில நாங்க தொண்டை வத்தச் சொன்னது இதைத்தான். ஆனா அவங்க எங்க பயிற்சியைக் கேட்டுச் செஞ்ச மாதிரித் தெரியலை. பயிற்சிக்கு வந்து பின்னாடி உக்கார்ந்து, ஒரு வரி குறிப்பு எடுக்கலை அவங்க. நான் பாத்துட்டேதான் இருந்தேன்.

ஏனுங் கண்டக்டரே, இந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடுங்க, மண்ணு வருது. நீங்க இக்கட்ட தள்ளி உக்காருங்க டீச்சர்.

எங்க விட்டேன்? ஆங், கேட்புத்தாள். அதுலதான் வந்துச்சு எல்லா வெனையும்.

ஆகஸ்ட்ல செங்காட்டூர்த் தாளுங்க வந்துச்சு. பாத்தா கோழி கிண்டின மாதிரி இருக்குது. டிக்கெல்லாம் கட்டத்துக்கு வெளிய, ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு தாள்ல பூராவும் புள்ளையோட பேரு மேலயே டிக்கு. நான் போன் போட்டு, "என்னங்க டீச்சர், விளையாட்டா? திரும்ப எழுதி அனுப்புங்க"ன்னேன். அடுத்த வாரம் வந்த தாளு கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் அளவா டிக். தப்புன்னா அழகா ஒரு கோடு, பக்கத்துல புள்ள என்ன சொல்லுச்சுன்னு பொடி எழுத்துல ஒரு குறிப்பு வேற. மத்த பதிமூணு பள்ளிக்கூடத்துல எவரும் அப்படி எழுதலை. நான் எல்லாருக்கும் மாதிரியா அதைத்தான் அனுப்பி வெச்சேன். தெய்வானை டீச்சரைப் பாருங்க, இந்த வயசுலயும் எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு.

மறுக்கா நேர்ல போனேன். பாராட்டிட்டு வரலாம்னுதான் போனேன், சத்தியமா. வாசல்ல நின்னு பாக்கறேன், ஒரு புள்ள படிக்குது, டீச்சர் கண்ணை மூடிட்டுக் கேக்கறாங்க, அந்தத் தன்ஷிகா பக்கத்துல உக்கார்ந்து டிக்குப் போடுது. தான் படிக்கற முறை வந்தா தாளை இன்னொரு புள்ளகிட்டக் கொடுத்துருது. நான் வாங்கிப் பாத்தேன். தன்ஷிகாவோட தாள்லயும் ரெண்டு கோடு இருந்துச்சு. "இது ரெண்டும் நான் அவசரத்துல விட்டுட்டேன் மேடம்"னு அதுவே சொல்லுது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எழுதினது பூராவும் எட்டு வயசுப் புள்ளையோட எழுத்து. அதைத்தான் நான் பதிமூணு பள்ளிக்கூடத்துக்கு மாதிரின்னு அனுப்பியிருக்கேன். மானம் போச்சு.

புள்ளைங்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிட்டுத்தான் கேட்டேன். எல்லார் முன்னாடியும் கேக்கலை, அந்த நாகரிகம் எனக்குத் தெரியும். தெய்வானை டீச்சர் கதவுப் பக்கம் காதைத் திருப்பி, புள்ளைங்க போயிருச்சுங்களான்னு கேட்டாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க.

"எனக்குக் கண்ணு போயிட்டு இருக்குது மேடம். சக்கரை. நடுவுல ஒண்ணும் தெரியறதில்ல, ஓரத்துல மட்டும் தெரியும். மூணு வருசமா இப்படித்தான். எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு மாதிரி. புள்ளைங்கதான் எனக்குப் படிச்சுக் காட்டுதுங்க."

"ஏன் டீச்சர் ஆபீஸ்ல சொல்லலை?"

"சொன்னா மாத்து வேலை கொடுப்பாங்க. ஆபீஸ்ல ஒரு மூலையில உக்கார வெச்சிருவாங்க. அங்க எனக்கு யாரு படிச்சுக் காட்டுவா? ரெண்டரை வருசம் மேடம். இந்தப் புள்ளைங்களோடயே இருந்துட்டுப் போயிடறேன். யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்லிட்டு என் கையைப் பிடிச்சாங்க. கையைத் தேடித்தான் பிடிச்சாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. நான் கல்லு ஒண்ணும் இல்லீங்களே. சரிங்க டீச்சர்னு சொன்னேன். சரின்னா என்ன? கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். சத்தியமா பண்ணிக் கொடுத்தேன்? ஊர்ல என்னமோ நான் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணின மாதிரிப் பேசறாங்க.

அடுத்த நாள் ரிவ்யூ மீட்டிங். அதை நீங்க இன்னும் பாத்ததில்ல, பாப்பீங்க. பெரிய திரையில எல்லாப் பயிற்றுநர் பேரையும் போட்டு, யாரு எத்தனாவது இடம்னு காட்டுவாங்க. செங்காட்டூர்த் தாளைச் செல்லாதுன்னுதானே நான் போடணும்? புள்ள எழுதின தாளை எப்படிச் சேக்கறது? அதைத் தள்ளினதும் என் பேரு கடைசிக்கு முந்தின இடத்துக்குப் போயிருச்சு. மேடையில இருந்த மாவட்ட அதிகாரி சார், "பிரேமகுமாரி மேடம், எழுந்து நில்லுங்க. அந்த ஸ்கூலுக்கு என்ன கேடு?"ன்னு கேட்டாரு. அறுபது பேரு பாக்கறாங்க. பதினெட்டு வருச சர்வீஸ்ல என்னை யாரும் அப்படி எழுப்பி நிக்க வெச்சதில்ல.

வாய்ல ஒண்ணும் சொல்லலை நான். அதையும் கேட்டுக்குங்க, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை. படிவத்துல ஒரு இடம் இருக்குது, ஆசிரியருக்குத் தேவைப்படும் உதவின்னு. நின்னபடியே போன்ல அதைத் திறந்து எழுதினேன். கடுமையான பார்வைக் குறைபாடு உள்ளது, மாற்று ஏற்பாடு தேவைன்னு. உதவின்னு இருக்கற இடத்துல உதவியைத்தானே எழுதினேன்? குறைன்னு ஒரு இடம் தனியா இருக்குது, அதுல நான் எழுதலை. அப்புறம் அனுப்புன்னு ஒரு பட்டன். அமுக்கினேன், போயிருச்சு. சார் படிச்சுப் பாத்துட்டு உக்காருங்கன்னாரு.

ஒரு மாசத்துல நோட்டீஸ் வந்துச்சு, மெடிக்கல் போர்டு முன்னாடி வரச் சொல்லி. அது எனக்குத் தெரியாது. எச்.எம். தான் பின்னாடி சொன்னாரு. அவரு பேசறதே அபூர்வம், அன்னிக்குப் பேசினாரு.

அங்க வழக்கம் என்னன்னா, எந்தத் தபால் வந்தாலும் புள்ளைங்கதான் பிரிக்கும். அதுக்கு முறை வெச்சிருக்குதுங்க, இன்னிக்கு நீ, நாளைக்கு நானுன்னு. அன்னிக்குத் தன்ஷிகா முறை. கவரைக் கிழிச்சுட்டு, எல்லாரும் உக்கார்ந்திருக்க, நின்னுட்டுப் படிச்சுதாம். "டீச்சர், மேல நடுவுல கோபுரம் போட்ட முத்திரை இருக்குது. வலது பக்கம் தேதி. அனுப்புநர், பெறுநர், அதுல உங்க பேரு இருக்குது. கீழ பச்சை மையில கையெழுத்து. படிக்கறேன்." அப்புறம் வரி வரியாப் படிச்சுதாம். ஆசிரியர் பயிற்றுநரின் பதிவின்படி தங்களுக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாகத் தெரியவருவதால்னு ஒரு வரி. கற்பித்தல் பணிக்குத் தகுதி உள்ளவரா என்று பரிசோதிக்கன்னு இன்னொரு வரி. பாதியில அதுக்கு அர்த்தம் புரிஞ்சுபோச்சு. எப்படிப் புரியாம இருக்கும், புரிஞ்சு படிக்கத்தானே அத்தனை நாளும் சொல்லிக் கொடுத்தாங்க. குரலு இறங்கிருச்சாம். ஆனா நிறுத்தலை. எச்.எம். கதவுகிட்ட நின்னுட்டு இருந்தாரு. "ஒரு தப்பு இல்ல மேடம், கடைசி வரைக்கும் ஒரு தப்பு இல்லாமப் படிச்சுது"ன்னு சொல்லிட்டுக் கண்ணைத் தொடைச்சாரு.

தெய்வானை டீச்சர், "நல்லாப் படிச்சே சாமி"ன்னாங்களாம். அவ்வளவுதான்.

போர்டுக்கு அவங்க போகலை. லீவு போட்டாங்க, அப்புறம் விருப்ப ஓய்வுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல ஒரு புள்ளதான் விரலை வெச்சுக் காட்டுச்சாம். இப்ப உடுமலையில தங்கச்சி வீட்டுல இருக்கறதாக் கேள்வி. யாரு போகச் சொன்னாங்க? நான் சொன்னேனா? ஆபீஸ்ல நிழலா, மின்விசிறிக்கு அடியில உக்கார்ந்திருக்கலாம். அவங்களாப் போனா அதுக்கு நான் பொறுப்பா?

ஆனா பேசறவங்க வாயை மூட முடியுமா? மாசக் கூட்டத்துக்கு நான் உள்ள போனா டீச்சருங்க பேச்சை நிறுத்திடறாங்க. முன்னாடியெல்லாம் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் போன உடனே டீ வரும். இப்ப தண்ணி வருது, அதுவும் கேட்டாத்தான். எனக்கு வெசனமா இல்லைன்னு நினைக்கறீங்களா? ராத்திரியில படுத்தா அந்தக் கை நினைப்புக்கு வருது, தேடிப் பிடிச்சாங்களே அந்தக் கை. எங்க வீட்டுக்காரரு, "நீ எழுதாம விட்டிருந்தா என்ன, ஒரு தடவை நின்னிருப்பே, அவ்வளவுதானே"ன்னாரு. அவருக்கு என்னங்க, அவரை எவனும் அறுபது பேருக்கு முன்னாடி எழுப்பி நிக்க வெச்சதில்ல.

இதோ வந்துருச்சு, அந்தக் காத்தாடி மரத்தைத் தாண்டினா உங்க ஸ்டாப்பு. முக்கியமானதை இன்னும் சொல்லலை, அதுக்குத்தான் இத்தனையும். நவம்பர்ல மதிப்பீடு வந்துச்சு. டீச்சர் இல்லாத வகுப்பு, அதனால நானே போயி எடுத்தேன். பாயை விரிச்சு உக்கார்ந்து, புதுப் புத்தகத்தைத் தன்ஷிகாகிட்ட நீட்டினேன். ஒன்றியத்துலயே நல்லாப் படிக்கற புள்ள, அது படிச்சா மத்ததும் படிக்கும்னு ஒரு கணக்கு. புத்தகத்தை வாங்கி மடியில வெச்சுக்கிச்சு. திறக்கலை. என்னையே பாத்துச்சு.

"உங்களுக்குக் கண்ணு தெரியுமா மேடம்?"

இது என்ன கேள்வின்னு நினைச்சாலும், புள்ளைன்னு, "நல்லாத் தெரியுமே"ன்னேன்.

"இந்தப் பொடி எழுத்தெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

புத்தகத்தை ரெண்டு கையிலயும் எடுத்து என்கிட்டயே திருப்பிக் கொடுத்துச்சு. கோவமாக் கூட இல்லீங்க, மரியாதையாத்தான் சொல்லுச்சு. "அப்ப நீங்களே படிச்சுக்குங்க மேடம்."

அடுத்த புள்ளகிட்டக் கொடுத்தேன், அதுவும் அதையேதான் சொல்லுச்சு. ஒண்ணாப்பு வரைக்கும் பத்தொம்பது பேரும். ஒண்ணு கூடத் திறக்கலை. யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் இப்படிச் செய்யுதுங்கன்னு மிரட்டிப் பாத்தேன், யாரும் சொல்லிக் கொடுக்கலைன்னு எச்.எம். சத்தியம் பண்றாரு. பத்தொம்பது பேருக்கும் சைபர் போட்டு ஏத்திட்டு வந்தேன். ஏன் படிக்கணும்னு அது கேட்டிருந்தா நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு யோசிச்சுப் பாக்கறேன். திட்டம், மதிப்பீடு, ஆப்புன்னு எட்டு வயசுப் புள்ளகிட்டச் சொல்ல முடியுங்களா?

மார்ச்ல மறுபடியும் மதிப்பீடு வருது. நீங்கதான் எடுக்கணும். திறமையான ஆளாத் தெரியறீங்க, சின்ன வயசு, எப்படியாச்சும் அதுங்களைப் படிக்க வெச்சிருவீங்க. கேட்புத்தாள் எழுதறதுல என்ன உதவி வேணும்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க.

பையை எடுத்துக்குங்க. பாத்து இறங்குங்க, அந்தப் படி உயரம். இன்னொண்ணு டீச்சர், நில்லுங்க. உள்ள போனதும் அந்தப் புள்ள உங்ககிட்டயும் வந்து, கண்ணு தெரியுமான்னு கேக்கும். தெரியும்னு மட்டும் சொல்லிராதீங்க.